ஒரு வீட்டுக்கு ஒரு பெயர்

குற்றம் நடந்த பிறகு ஆளைத் தேடுவது பழைய காலத்துப் பழக்கம். அதில் தொல்லை அதிகம். சாட்சி வேண்டும், தடயம் வேண்டும், சில சமயம் உண்மையான குற்றவாளியே கூட வேண்டியிருக்கும். திருப்பூர் பனியன் முதலாளிகள் சிலர் ஒன்றாக உட்கார்ந்து யோசித்து, ஆளை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்துவிட்டால் குற்றம் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்துகொள்ளும் என்ற முடிவுக்கு வந்தார்கள். இப்படித்தான் நொய்யல் குற்ற முன்னறிவு ஆய்வு மையம் பிறந்தது. பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்தைத் தாண்டி, கண்ணாடிச் சுவர் வைத்த மூன்று மாடிக் கட்டடம் அதற்காக எழும்பியது.

மையத்தின் தலைவர் மகுடேஸ்வரன். ஏற்றுமதிக் கம்பெனி வைத்திருப்பவர். பனியனை நல்லது, சுமார், கழிவு என்று தரம் பிரிப்பதில் முப்பது வருட அனுபவம் இருந்ததால், ஊர் மனிதர்களை ஏ, பி, சி என்று பிரிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ள அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. ஒருவரைப் பற்றிய விவரங்களைப் போட்டால் 'முன்னறி' என்ற மென்பொருள் ஓர் எழுத்தைக் கொடுக்கும். சி வாங்கியவர்களின் பட்டியல் செவ்வாய்க்கிழமைதோறும் போலீசுக்குப் போகும். அதன்பிறகு ஊருக்குள் எங்கே எது காணாமல் போனாலும் வேன் நேராக அந்த வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். இதனால் திருட்டு குறைந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பிடிபடுகிறவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது, எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது.

வேலுமணியின் மகன் சிவபிரகாஷ் சி-யில் இருந்தான்.

வேலுமணி ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிற டெய்லர். சுள்ளிக்காட்டுக் காலனியில் நூற்றுநாற்பத்தேழாம் எண் வீடு. மனைவி மூக்கம்மாள் இறந்து ஆறு வருடம் ஆகிறது. இருபது வயது மகன் பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்த்தான். கோயில் உண்டியல் உடைந்தபோது ஒரு முறை, யாருடைய பைக்கோ போனபோது ஒரு முறை, இன்னும் இரண்டு முறை என்னவென்றே சொல்லாமல், ஒன்றரை வருடத்தில் நான்கு தடவை அவனை அள்ளிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தடவையும் சரி போ என்று அனுப்பிவிட்டார்கள். வழக்கு ஒன்றுகூட இல்லை. நான்காம் தடவை திரும்பி வந்தபோது வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. பட்டறையில் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதன்பிறகு அவன் ஒரு லுங்கியும் துண்டும் பல் விளக்குகிற பிரஷும் போட்ட மஞ்சள் பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தயாராக மாட்டி வைத்தான்.

"இன்னொருக்கா கூட்டிட்டுப் போனாங்கன்னா நான் திரும்பி வர மாட்டன்ப்பா," என்று ஒரு நாள் சோறு தின்றுகொண்டே சொன்னான். குரலில் கோபம் இல்லை. கோபம் இல்லாததால்தான் வேலுமணி அதை நம்பினார். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. நோம்பி, பண்டிகை நெருங்கினால் ஊரில் திருட்டு கூடும், வேனும் அடிக்கடி வரும். அதற்குள் மகன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அவர் மையத்தின் படியேறினார்.

கொங்கு நாட்டு மரியாதை ஊரறிந்தது. ஒரு 'ங்க' சேர்க்காமல் இங்கே வண்டி மாட்டைக்கூட நகரச் சொல்ல மாட்டார்கள். மையத்திலும் அப்படித்தான். ஆனால் வேலுமணி தன் முகவரியைச் சொன்னதும் அங்கே எல்லோருக்கும் அந்த 'ங்க' கையிருப்பு தீர்ந்துபோய்விடும். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அனுப்பிரியாவுக்கு இருபத்துநான்கு வயது. வேலுமணிக்கு நாற்பத்தெட்டு.

"மேடம், எம் பையன் பேரை எடுக்கோணுங்க."

"படிவம் ஏழு வாங்கிட்டியா?"

"வாங்கிட்டனுங்க. போலீஸ்ல நன்னடத்தைச் சான்று வாங்கிட்டு வரச் சொல்லி இதுல போட்டிருக்குதுங்க. அங்க கேட்டா, சி-யில இருக்கறவனுக்குத் தர முடியாது, மொதல்ல மையத்துல பேரை எடுத்துட்டு வான்னு சொல்றாங்க."

"கரெக்டாத்தான சொல்லியிருக்காங்க," என்றாள் அனுப்பிரியா. அவள் கெட்ட பெண் அல்ல. திரையில் இருப்பதை வாசிப்பாள், இல்லாததை வாசிக்க மாட்டாள். "சான்று இல்லீன்னா, உங்க காலனியில நூறு ஊட்டுல கையெழுத்து வாங்கிட்டு வா. பையன் நல்லவன்னு எழுதி வாங்கோணும்."

வேலுமணி கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாக ஏறி இறங்கினார். போன இடத்தில் எல்லாம் கையெழுத்தோடு ஒரு கதையும் கிடைத்தது. எங்க ஊட்டுப் பையனையும்தான் கூட்டிட்டுப் போனாங்க, அதையும் எழுதிக்குங்க என்றார்கள். அவரும் எழுதிக்கொண்டார். என்ன காணாமல் போனது, யாரை எடுத்துப் போனார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், வழக்கு உண்டா இல்லையா, திரும்பி வரும்போது உடம்பில் என்ன குறை. நூறு கேட்டார்கள், அவர் நூற்றுநாற்பது வீட்டை முடித்துவிட்டார்.

அனுப்பிரியா நோட்டைப் புரட்டினாள். "இது செல்லாது. எல்லாம் சி ஏரியாக்காரங்க கையெழுத்து."

"காலனியிலதானுங்க வாங்கச் சொன்னீங்க."

"வாங்கச் சொன்னேன். செல்லும்னு சொன்னனா?"

வேலுமணி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நோட்டை விரித்துப் பக்கத்தில் வைத்தார்.

அந்த மையத்தில் புத்தகம் படிக்கிற ஆள் ஒருத்தி உண்டு. ஆஃப்ரின். காதர்பேட்டைப் பனியன் வியாபாரி வீட்டுப் பெண். குற்றவியலில் முனைவர் பட்டம் வாங்கியவள், பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஆய்வாளராக இருந்தாள். தண்ணீர் பிடிக்க வந்தவள் பெஞ்சில் விரிந்து கிடந்த நோட்டைக் குனிந்து பார்த்தாள். இரண்டு பக்கம் படித்த பிறகு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இப்படிக் கட்டம் போட்டு எழுதறதுக்கு உங்களுக்கு யாருங்ண்ணா சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்லீங்க அம்மிணி. கம்பெனியில பண்டல் கட்டறப்ப சைஸு, கலரு, எத்தன பீஸு, எத்தன டேமேஜுன்னு எழுதி வெக்கறது பழக்கமுங்க. அதாட்டமே எழுதிட்டன்."

ஆஃப்ரின் விரல் விட்டு எண்ணினாள். நூற்றுநாற்பது வீடு. அறுபத்தோரு தடவை ஆள் பிடித்திருக்கிறார்கள். தண்டனை பெற்றவர் ஒருவர்கூட இல்லை. பதினேழு பேருக்குக் கையிலோ காலிலோ காதிலோ ஒரு பழுது.

"நூத்தியிருவது வருசத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல அமோஸ் ஹார்வெல்னு ஒருத்தர் இருந்தாருங்ண்ணா," என்றாள். "கறுப்பர். கறுப்பருங்க எல்லாம் பொறப்புலயே திருடங்கன்னு பெரிய புரொபசருங்க புஸ்தகம் எழுதிட்டிருந்த காலம். இவரு ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு ஒரு சேரி பூரா ரெண்டாயிரம் வீடு ஏறி எறங்குனாரு. யாருக்கு வேலை இருக்குது, யாரை எதுக்குப் புடிச்சாங்க, அதே தப்பை வெள்ளைக்காரன் பண்ணினா என்ன ஆச்சுன்னு எழுதுனாரு. போலீஸ் புஸ்தகத்தைப் பாத்தா யாரு மாட்டுனாங்கன்னுதான் தெரியும், யாரு பண்ணுனாங்கன்னு தெரியாதுன்னு மொதல்ல சொன்னது அவருதான். நாங்க படிக்கற படிப்புக்கே அதுதான் அஸ்திவாரம்."

"பொறவு பெரிய ஆளாயிட்டாருங்களா?"

"இல்லீங்ண்ணா. காலேஜுல உக்கார ஒரு மேசைகூடத் தரல. முப்பது வருசம் கழிச்சு வேற புரொபசருங்க அதையே எழுதுனாங்க. அவங்க பேரு நின்னுருச்சு."

"அவருக்குப் பையன் இருந்தானுங்களா?" என்று கேட்டார் வேலுமணி.

ஹார்வெலைப் பற்றி ஆஃப்ரின் எழுதிய நானூறு பக்க ஆய்வேட்டில் அந்தக் கேள்வி வரவே இல்லை.

அந்த அமோஸ் ஹார்வெலுக்கு மையத்தில் விழா எடுக்கப் போகிறார்கள் என்பதை அடுத்த முறை வந்தபோது வேலுமணி தெரிந்துகொண்டார். காரணம் எளிமையானது. மகுடேஸ்வரனிடம் பனியன் வாங்குகிற அமெரிக்கக் கம்பெனி ஒரு கேள்வித்தாள் அனுப்பியிருந்தது. கழிப்பறை எத்தனை, தீயணைப்புக் கருவி எத்தனை என்ற கேள்விகளுக்கு நடுவே, நிறப் பாகுபாட்டுக்கு எதிராக நீங்கள் செய்தது என்ன, படத்துடன் விளக்கவும் என்று ஒரு கேள்வி. கழிப்பறையைப் பற்றிச் சமாளித்த மகுடேஸ்வரனுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. இயக்குநர் முனைவர் தனபாலைக் கூப்பிட்டுக் கேட்டார். தனபால் ஆஃப்ரினின் ஆய்வேட்டை எடுத்துத் தூசி தட்டி, முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, கறுப்பர், குற்றவியல், புறக்கணிக்கப்பட்டவர், மூன்றும் பொருந்துதுங்க என்றார். அரங்கத்துக்கு ஹார்வெல் பெயர் வைத்துப் படம் திறந்து, அதை வீடியோ எடுத்து அனுப்புவது என்று முடிவாயிற்று.

ஏழாவது தடவை வேலுமணி வந்தபோது படத்துக்கான குழு கூடியிருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது, கேட்கவும் செய்தது. மேசைமேல் ஹார்வெலின் பழைய கறுப்பு வெள்ளைப் படம். கையில் நோட்டோடு நின்றுகொண்டு, யாரோ கதவைத் திறக்கக் காத்திருக்கிறவர் போன்ற முகம்.

"படம் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இத்தன கருப்பா எதுக்குங்க?" என்றார் மகுடேஸ்வரன்.

"அவரு கறுப்பருங்க சார். அதுக்குத்தான் விழாவே," என்றாள் ஆஃப்ரின்.

"அது தெரியும் அம்மிணி. பேச்சுல கறுப்பருன்னு சொல்லிக்கலாம். படத்துல எதுக்குக் காட்டோணும்? நாளைக்கு ஜனங்க பாத்துட்டு, இந்த ஆளுக்குப் போயா மாலை போடறாங்கன்னு நெனச்சா அந்தப் பெரிய மனுசனுக்குத்தான அவமானம்?"

"மரியாதைக்காகவே கொறைக்கறோமுங்க," என்று தனபால் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

எவ்வளவு குறைப்பது என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. திருப்பூரில் நிறத்தைப் பற்றிச் சண்டை வந்தால் தீர்த்துவைக்க ஒரு வழி உண்டு. சாயப்பட்டறையிலிருந்து ஷேடு கார்டு வரவழைத்தார்கள். நீளமான அட்டையில் ஒன்று முதல் இருபத்துநான்கு வரை பழுப்பு நிறத் துணித் துண்டுகள், வெளுத்ததிலிருந்து அடர்த்தி வரை. ஆனால் பழைய படத்தில் அசல் நிறம் எந்த எண் என்று பிடிபடவில்லை. தனபால் கதவுக்கு வெளியே பார்த்தார்.

"ஏப்பா, நீ உள்ள வா. சட்டைக் கையை மடக்கு."

வேலுமணி மடக்கினார். அட்டையை அவர் முன்கையில் வைத்து மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்கள். ஹார்வெல் படத்தை அருகில் வைத்தார்கள். பத்தொன்பதில் துணியும் கையும் ஒன்றாயின.

"ஒரிஜினல் பத்தொம்பது. நாம ஏழுக்குப் போயிறலாமுங்க," என்றார் தனபால்.

"ஆறு," என்றார் மகுடேஸ்வரன்.

ஆறு நிறைவேறியது. வேலுமணி கையை இறக்காமல் நின்றார். "சாமி, எம் பையன் படிவமுங்க," என்று ஆரம்பித்தார்.

"விழா முடியட்டும்ப்பா. இப்ப அநியாயத்துக்கு எதிரா ஒரு வேலை ஓடிட்டிருக்குது, பாக்கறியல்ல?" என்றார் மகுடேஸ்வரன். எரிச்சலாகச் சொல்லவில்லை, மனதார நம்பித்தான் சொன்னார்.

ஒன்பதாவது தடவை அனுப்பிரியா திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "நீ ஒவ்வொருக்கா வர்றப்பவும் உங்க ஊட்டுக்கு ஒரு பாயிண்டு ஏறுது. குற்ற மையத்தோட அடிக்கடி தொடர்பு வெச்சிருக்கற குடும்பம்னு காட்டுது. உம்பேரே சி-க்குக் கிட்டத்துல வந்திருச்சு."

"அப்ப நானும் வந்துருவனுங்களா?"

"பயப்படாத. ஒரு ஊட்டுக்கு ஒரு பேருதான் இருக்க முடியும். ரெண்டாவது பேரை சிஸ்டம் எடுக்காது. உம் பையன் இருக்கற வரைக்கும் உனக்குப் பிரச்சினை இல்லை."

ஆறுதலாகத்தான் சொன்னாள். வேலுமணி நன்றி சொல்லிவிட்டு வந்தார். ஜன்னலை விட்டு நாலடி வந்த பிறகுதான் அவள் சொன்னதன் மறுபக்கம் அவருக்கு உறைத்தது: அந்த ஒரு பெயர் மகனுடையதாகவே இருக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. திரும்பிப் போய்க் கேட்கலாமா என்று பார்த்தார், போனால் இன்னொரு பாயிண்டு ஏறும் என்று வீட்டுக்கு நடந்தார்.

இதற்கிடையில் ஆஃப்ரின் வேலுமணியின் நோட்டை வாங்கித் தட்டச்சு செய்து தனபாலிடம் கொடுத்திருந்தாள். ஹார்வெல் செய்ததை இவர் நம் ஊரிலேயே செய்திருக்கிறார், விழா மலரில் இவர் பெயரில் வர வேண்டும், இந்தக் கணக்கைப் பார்த்தாவது அந்தப் பட்டியலை நிறுத்த வேண்டும் என்று கடிதமும் வைத்திருந்தாள். மலர் அச்சாகி வந்தது. அட்டவணை ஓர் எண் பிசகாமல் இருந்தது. மேலே, முனைவர் தனபாலின் களஆய்வு என்று போட்டிருந்தது. கீழே முடிவுரை: நூற்றுநாற்பதே வீடுகளில் அறுபத்தோரு முறை கைது நடந்துள்ளதால், அப்பகுதியினரின் குற்ற மனப்பான்மை ஐயமின்றி நிறுவப்படுகிறது. அங்குள்ள வீடு ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவரைப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைக்கப்படுகிறது.

ஆஃப்ரின் மலரை மூடி வைத்தாள். கம்ப்யூட்டரில் முன்னறியைத் திறந்து புதிய பதிவு ஒன்றைத் தொடங்கினாள். பெயர் அமோஸ் ஹார்வெல். தகப்பன் பெயர் தெரியாது. சொந்த வீடு இல்லை. நிலையான வேலை இல்லை. நிறம், ஷேடு பத்தொன்பது. பழக்கம், ஏழைகள் வசிக்கும் பகுதியில் வீடு வீடாக ஏறி, யார் யார் இருக்கிறார்கள், எப்போது வேலைக்குப் போகிறார்கள் என்று விசாரித்து நோட்டில் குறித்தல். வயது நூற்றைம்பத்தெட்டு என்றபோதும் மென்பொருள் ஆட்சேபிக்கவில்லை. முகவரிக்கு மையத்தின் முகவரியையே போட்டாள், படம் அங்கேதானே குடியிருக்கப் போகிறது. முன்னறி மூன்று நொடி யோசித்து சி கொடுத்தது. குற்றம் செய்யத் தொண்ணூற்றேழு சதவீத வாய்ப்பு.

அதை அச்செடுத்துத் தனபால் முன்னால் வைத்தாள். "நாம மாலை போடப் போற ஆளுங்க சார். உங்க சாப்ட்வேர் திருடன்னு சொல்லுது."

தனபால் நிதானமாகப் படித்தார். வெட்கப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். "சாப்ட்வேர் தப்புப் பண்ணாது அம்மிணி," என்றார். "நல்ல மனுசன்தான், ஆனா ரிஸ்க் இருக்கும் போல இருக்குது. இதை வெளிய சொல்லாத."

"பேரையாவது எடுங்க சார்."

"படிவம் ஏழு இருக்குதல்ல? அவரே நேர்ல வந்து குடுக்கோணும்."

செவ்வாய்க்கிழமை பட்டியல் தானாகவே போலீசுக்குப் போயிற்று.

விழா வியாழக்கிழமை காலை. வேலுமணி பதினோராவது தடவையாக வந்திருந்தார். விழா முடிந்ததும் படிவத்தில் கையெழுத்துப் போடுவதாகத் தலைவர் சொல்லியிருந்ததால் நோட்டையும் படிவத்தையும் பிடித்துக்கொண்டு அரங்கத்தின் கடைசியில் நின்றார். நாற்காலி நிறைய இருந்தது, அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

திரை விலகியது. ஆறாம் நம்பர் நிறத்தில் அமோஸ் ஹார்வெல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரரைப்போல் பளபளவென்று இருந்தார். ஃப்ளெக்ஸ் கடையில் எல்லாத் தலைவர்களுக்கும் செய்வதுபோல் இவருக்கும் நோட்டை எடுத்துவிட்டுக் கூப்பிய கைகள் ஒட்டியிருந்தார்கள். வேலுமணி மேசைமேல் பார்த்திருந்த அந்த மனிதரைப் படத்தில் தேடினார். இல்லை.

தனபால் முன்னறியின் துல்லியத்தைப் பற்றிப் பேசினார். இதுவரை ஒரு தவறுகூட நேர்ந்ததில்லை, நேராது என்றார். மகுடேஸ்வரன் மைக்கைப் பிடித்தபோது வீடியோக்காரர் கிட்டே வந்தார்.

"நூத்தியிருவது வருசமா இந்த மனுசனை யாருமே கண்டுக்கலீங்க," என்றார் மகுடேஸ்வரன். "ஏன் கண்டுக்கல? கலர் பாத்தாங்க. நம்ம ஊருல அந்தப் பேச்சே கெடையாதுங்க. இங்க கலருங்கறது சாயப்பட்டறை சமாச்சாரம். எங்க கம்பெனியவே எடுத்துக்குங்க. காலனியில இருந்து வர்றவங்க டீ குடிக்கறதுக்குன்னே தனியா எவர்சில்வர் டம்ளர் வாங்கி வெச்சிருக்கறோமுங்க. இதே அனுப்பர்பாளையத்து டம்ளர், கெட்டிப் பாத்திரம். எங்களுக்கே அத்தன நல்ல டம்ளர் கெடையாதுங்க. அவங்களுக்குன்னு செவப்புப் பெயிண்டுல ஒரு புள்ளி வெச்சுக் குடுத்திருக்கறோம், வேற யாரும் எடுத்துரக் கூடாதல்லங்க?"

கூட்டம் கை தட்டியது. அப்போதுதான் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு எஸ்.ஐ. ஒருவர் இரண்டு காவலர்களோடு உள்ளே வந்தார். கையில் டேப்லெட் இருந்தது.

"தொந்தரவுக்கு மன்னிக்கோணுங்க," என்றார் மேடையைப் பார்த்து. "காலையில பாத்திரக் கடையில ரெண்டு பித்தளைக் குத்துவெளக்கு காணோமுங்க. இந்தத் திருட்டுக்கு சி-யில இருந்து ரெண்டு பேரைக் காட்டுதுங்க. ஒருத்தன் சிவபிரகாஷ், சுள்ளிக்காட்டுக் காலனி. இங்க முடிச்சதும் வேன் அங்கதான் போகுது. இன்னொருத்தன் அமோஸ் ஹார்வெல்னு போட்டிருக்குதுங்க. அட்ரஸ் இதுதானுங்க. ஆளைக் கொஞ்சம் அனுப்பி வெச்சீங்கன்னா நல்லாருக்கும்."

மகுடேஸ்வரன் ஒன்றும் புரியாமல் படத்தைக் கைகாட்டினார். எஸ்.ஐ. படத்தைப் பார்த்தார், டேப்லெட்டைப் பார்த்தார்.

"இவரு இல்லீங்க," என்றார். "நெறம் ஷேடு பத்தொம்பதுன்னு இருக்குது. இவரு நல்ல செவப்பா, பெரிய எடத்து ஆளாட்ட இருக்காரு." தொப்பியைக் கழற்றிப் படத்துக்கு ஒரு வணக்கமும் வைத்தார்.

பட்டியலில் பிழை என்று தனபால் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஒரு பெயர் பிழை என்றால் மற்றப் பெயர்கள் என்னவென்று யாராவது கேட்பார்கள், கேமரா வேறு ஓடிக்கொண்டிருந்தது. தனபால் கேமராவைப் பார்த்தார். "ஆளு இங்கதான் எங்கியாச்சும் இருக்கோணுங்க. சாப்ட்வேர் தப்புப் பண்ணாது."

எஸ்.ஐ. கூட்டத்தை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வேலுமணியின் காதில் வேன் அங்கதான் போகுது என்பது மட்டுமே இருந்தது. இன்னும் பத்து நிமிடம். சிவபிரகாஷ் வேனைப் பார்த்ததும் ஒன்றும் பேச மாட்டான். ஆணியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்து ஏறுவான். திரும்பி வர மாட்டன்ப்பா என்று சொன்ன முகம் அவருக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு ஊட்டுக்கு ஒரு பேருதான் என்று ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அனுப்பிரியா சொன்னதும் கூடவே வந்தது. நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே முன்னால் நடந்தார்.

"நாந்தானுங்க," என்றார்.

"என்ன நீதான்?"

"நீங்க தேடற ஆளுங்க. அமோசு ஹார்வெல்லுங்க."

எஸ்.ஐ. அவரை மேலும் கீழும் பார்த்தார். நிறம் சரியாக இருந்தது. "காலனியில ஊடு ஊடாப் போயி நோட்டுல குறிச்சது நீதானா?"

"ஆமாங்க. நூத்தி நாப்பது ஊடுங்க."

"அண்ணா, சும்மா இருங்க," என்று ஆஃப்ரின் பாதி வழி ஓடி வந்தாள். வேலுமணி அவள் பக்கம் திரும்பி, வேண்டாம் என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தார். அவள் நின்றுவிட்டாள்.

"சொந்தப் பேரு?"

"வேலுமணிங்க."

"ஊட்டு நம்பர்?"

"நூத்தி நாப்பத்தி ஏழுங்க. சுள்ளிக்காட்டுக் காலனி."

எஸ்.ஐ. தட்டினார். டேப்லெட் ஒரு சத்தம் கொடுத்தது. இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு பெயர் உள்ளது, பழைய பெயரை நீக்கவா என்று கேட்டது. பதினோரு தடவை படியேறியும், நூற்றுநாற்பது கையெழுத்து வாங்கியும் நடக்காதது அந்தக் கட்டத்தில் இருந்தது. எஸ்.ஐ. யோசிக்காமல் ஆம் என்பதைத் தொட்டார்.

"காலனிக்கு வேன் போக வேண்டியதில்ல. இது போதும்," என்றார் காவலர்களிடம்.

மகுடேஸ்வரன் மைக்கை மறுபடி பிடித்தார். கேமராவைப் பார்த்து, குற்றவாளி நம்ம நடுவுலயே நின்னுட்டிருந்தானுங்க, முன்னறி இல்லீன்னா நமக்குத் தெரிஞ்சிருக்குமா என்று கேட்டார். இதற்கு முதல் தடவையைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். அந்தப் பகுதியையும் வெட்டாமல் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள் என்று பிறகு தெரிந்தது. வாங்குகிற கம்பெனியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

வேனில் ஏறுவதற்கு முன்னால் வேலுமணி எஸ்.ஐ.யிடம் ஒன்று கேட்டார். "ஒரு ஊட்டுக்கு ஒரு பேருதானுங்களே?"

"ஆமா. ரெண்டாவதை சிஸ்டம் எடுக்காது."

அவர் ஆஃப்ரினைக் கூப்பிட்டுச் சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். மகனிடம் சொல்ல வேண்டியதையும் சொன்னார்.

அன்றைக்கு மதியம் ஆஃப்ரின் காலனிக்குப் போனாள். சிவபிரகாஷுக்கு விஷயம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றான்.

"மையத்துல ஏதோ படிவம் இருக்குதாமுங்க்கா. அப்பா பேரை எடுக்கறதுக்கு. அதை வாங்கோணும்."

ஆஃப்ரினுக்கு அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "வாங்க வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு தம்பி. நீ மையத்துப் பக்கமே வரக் கூடாதாம். அவரு பேரை எடுத்துட்டா இடம் காலியாயிரும்னு சொன்னாரு. எத்தன வருசம் ஆனாலும் அந்த இடம் காலியாகக் கூடாதாம்."

சிவபிரகாஷ் வாசற்படியில் உட்கார்ந்தான். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மஞ்சள் பையை எடுத்தான். மடங்காத விரல்களால் அதைத் திறக்கச் சிரமப்பட்டான். தன்னுடைய பிரஷை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அப்பாவின் பிரஷைத் துடைத்து உள்ளே போட்டு, பையை அவளிடம் நீட்டினான்.